இன்று மாலை காலமானார்!

போன் அலறியது.

வழக்கமாகச் சிணுங்கும் போன்தான். இன்று ஏனோ அலறியது.

அலுவலகத்தில் எல்லோரும் 'ரெண்டுவாட்டி' என்று கூப்பிடும் அந்தப் பெண் எடுத்தாள்.

"ஹலோ..."

"அய்யய்யோ...!"

ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள்.

"யாருங்க பேசுறது?"

"நான்தாம்மா... உங்க ஆசிரியரோட சம்சாரம்! என்னம்மா இது? யாரும்மா அதுக்குள்ள போட்டது? காலையிலேயே யாரு போடச் சொன்னா?"

"எதை மேடம்?"

"எதையா? சைட்டைத் தொறந்து பாரு! அவரு செத்துட்டாருன்னு கொட்டை எழுத்துல நிக்குதே!"

ரெண்டுவாட்டி அவசரமாகத் தளத்தைத் திறந்தாள்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அலுவலகத்தில் அது யாருக்கும் நினைவில்லை. எதையும் இரண்டு தடவை பார்த்தால்தான் அவளுக்கு நிம்மதி. வீட்டைப் பூட்டினால் பூட்டை இரண்டு தடவை இழுப்பாள். இரண்டாவது தடவை இழுத்தது நிஜமாகவே இரண்டாவதுதானா என்று பாதி வழியில் யோசிப்பாள்.

அந்த உள்ளூர்ச் செய்தித் தளத்தை ஓட்டுகிற மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்து மாதக்கணக்கில் காத்திருந்தது. அதை ஏற்றி முடித்துச் சரியாகப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

பழைய கோப்புகளை நகல் எடுத்தாள். சரியா என்று பார்த்தாள். மறுபடி பார்த்தாள். தளத்தோடு இணைந்து ஓடும் துணை நிரல்களை ஒவ்வொன்றாக அணைத்தாள். எங்கோ கடல் கடந்த தேசத்தில் வாடகைக்கு இருக்கும் சர்வரில் புதுப் பதிப்பை ஏற்றினாள். துணை நிரல்களைத் திரும்ப எழுப்பினாள். முகப்புப் பக்கம் மலர்ந்தது. பெருமூச்சு விட்டாள்... இரண்டு தடவை.

இப்போது திரையைப் பார்த்தாள்.

கறுப்புக் கட்டம். நடுவில் ஆசிரியரின் சிரித்த முகம்.

'ஆசிரியர் காலமானார்!'

"மேடம்... மேடம், அழாதீங்க. நான்..."

"யாரு போன்ல?"

நிமிர்ந்தாள்.

வாசலில் ஒரு கையில் குடை, மறு கையில் டீ கிளாஸ்... காலமானவர்!

"சார்... உங்க வீட்டுலேருந்து. நீங்க... நீங்க செத்துட்டீங்கன்னு அழறாங்க."

ஆசிரியர் டீயை ஒரு வாய் உறிஞ்சினார்.

"பரவாயில்லையே! அழறாளா?"

ரிசீவரை வாங்கினார்.

"என்னடி? நான்தான் பேசுறேன். ஆமா... உயிரோடதான். என்னது? இல்லடி, சத்தியமா உயிரோடதான் இருக்கேன்! ஏன் இப்படி நம்ப மாட்டேங்குற?"

போனை வைத்தார். முகம் லேசாகச் சுருங்கியிருந்தது.

"வச்சுட்டா. ஒரு 'அப்பாடா' கூட சொல்லலை. அதிர்ச்சி போல."

மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தன் மரண அறிவிப்பை வாசிக்க ஆரம்பித்தார்.

"'பேச வேண்டிய இடத்தில் பேசியவர். கேட்க வேண்டிய இடத்திலும் பேசியவர்.' அடடா! 'பிறர் எழுத்தையும் தன் எழுத்தாகவே நேசித்தவர்.' என்ன எழுத்து! என்ன எழுத்து! அப்படியே என் நடை! நானே எழுதின மாதிரி இருக்கு!"

அதில் வியப்பில்லை. அந்தத் தளத்தில் வாசகர்கள் முதலில் படிப்பது இறந்தவர்களைப் பற்றிய 'விடைபெற்றவர்கள்' பத்தியைத்தான். பத்தொன்பது வருடமாக அது ஆசிரியரின் பெயரில் வந்துகொண்டிருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அதற்காக அவருக்கு விருது. அழைப்பிதழைச் சட்டைப் பையில் வெளியே தெரியும்படி வைத்திருந்தார்.

"யாருமா எழுதினது? நீயா?"

"ஐயோ, நான் இல்லை சார்!"

"அவதான் மாமா!"

படபடவென்று உள்ளே வந்தார் மச்சினர். ஆசிரியர் மனைவியின் தம்பி. அலுவலக மேலாளர். சட்டையில் நடுப் பட்டன் ஒன்று எப்போதும் ராஜினாமா செய்யத் தயாராக இருக்கும்.

"அக்கா இப்பத்தான் போன் பண்ணுச்சு. அப்டேட் பண்ணாத, அப்டேட் பண்ணாதன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்! கேட்டாளா? சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! இப்ப ஒரு ஆளையே கொன்னுட்டா!"

"சார், நான் ரெண்டு தடவை..."

"நல்லவேளை! மூணு தடவை பார்த்திருந்தா நானும் போயிருப்பேன்!"

"மாப்ளே, கத்தாத." ஆசிரியர் கையமர்த்தினார். ஆனால் ரெண்டுவாட்டியைப் பார்த்தபோது முகத்தில் சிரிப்பில்லை. "இந்தாம்மா. ஊரே எனக்கு மாலை வாங்க ஆரம்பிச்சிருக்கும். இது எப்படி வந்துச்சுன்னு சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரியணும். தெரியலைன்னா... உனக்கு நாளைக்கு இங்க வேலை இல்ல. புரியுதா?"

புரிந்தது. இரண்டு தடவை புரிந்தது.

*

அறிவிப்பைத் தளத்திலிருந்து இறக்கினாள். ஒரு பிரதியைத் தனியாக வைத்துக்கொண்டாள்.

'நான் எதை அழுத்தினேன்? எதை அழுத்தாமல் விட்டேன்?'

விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். எல்லாம் சரி. ஆனால் தன்மேல் அவளுக்கு அவ்வளவாக நம்பிக்கை இருந்ததில்லை. ஆகவே மறுபடி எண்ணினாள்.

அப்போதுதான் முகப்புப் பக்கத்தின் கீழ்மூலையில் அது கண்ணில் பட்டது.

'வாசகர்களுக்கு இனிய மாலை வணக்கம்! இன்றிரவு வானம் தெளிவாக இருக்கும்.'

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சுள்ளென்று காலை வெயில்.

மாலை வானிலை... காலையிலேயே எப்படி?

அதை நேற்றே எழுதி, 'இத்தனை மணிக்குத் தானாக வெளியாகு' என்று நேரம் குறித்து வைத்திருந்தாள். மாலையில்தான் வெளியாகியிருக்க வேண்டும்.

தளத்தின் கடிகாரத்தைத் திறந்தாள்.

"அய்யோ..."

எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்த்தவள், கடிகாரத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை! புதுப் பதிப்பு ஏறியதும் தளம் உள்ளூர் நேரத்தை மறந்துவிட்டு, சர்வர் இருக்கும் தேசத்தின் நேரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. இங்கே காலை பதினொன்றரையாக இருந்தபோது அங்கே இரவு ஏழு மணி. 'நேரமாகிவிட்டதே!' என்று பதறிய மென்பொருள், மாலை ஏழு வரைக்கும் காத்திருந்த எல்லாவற்றையும் வாரிக் கொட்டிவிட்டது.

தவறு அவளுடையதுதான். வேலை போனாலும் கேட்பதற்கு வாயில்லை.

கடிகாரத்தைத் திருத்தினாள். எழுந்து ஆசிரியர் அறைக்கு நடந்தாள். பாதி வழியில்... நின்றாள்.

அப்படியானால்...

அந்த மரண அறிவிப்பும் நேரம் குறித்து வைக்கப்பட்டிருந்ததா?

ஓடி வந்து உட்கார்ந்தாள். பிரதியைத் திறந்தாள்.

எழுதப்பட்டது: நேற்று.

வெளியாக வேண்டிய நேரம்: இன்று மாலை ஏழு மணி!

ஆசிரியர் புகழ்ச்சியோடு நிறுத்திக்கொண்டாரே... அந்தக் கடைசி வரியை இப்போதுதான் அவள் நிதானமாக வாசித்தாள்.

'இன்று மாலை, அலுவலக மொட்டை மாடிக்குச் செல்லும் படியில் கால் தவறி விழுந்து காலமானார்.'

ரெண்டுவாட்டி அந்த வரியை இன்னும் இரண்டு தடவை வாசித்தாள்.

ஒரு ஆள் இன்று மாலை விழப்போவது நேற்றே எப்படித் தெரியும்...?

தள்ளிவிடப் போகிறவருக்குத் தெரியும்!

*

"தமாஷ் பண்றியா?" என்றார் ஆசிரியர்.

"இல்லை சார்."

"ரெண்டு தடவை பார்த்தியா?"

"மூணு சார்."

ஆசிரியர் நாற்காலியில் நிமிர்ந்தார். அவள் மூன்று தடவை பார்த்தாள் என்றால் விஷயம் பெரிது.

"எந்தப் பேர்ல நுழைஞ்சு எழுதியிருக்கு?"

"'அட்மின்'ங்கிற பேர்ல சார். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மேனேஜர் சாருக்கும் தெரியும். பாஸ்வேர்டை வேற அவர் கம்ப்யூட்டர் மேல மஞ்சள் சீட்டுல எழுதி ஒட்டி வச்சிருக்காரு. தண்ணி கேன் போட வர்றவருக்குக் கூட மனப்பாடம்."

ஆசிரியர் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"நான் தினம் சாயங்காலம் ஆறரைக்கு மொட்டை மாடிக்குப் போவேன்."

"எதுக்கு சார்?"

"ஒரே ஒரு சிகரெட்டு. என் சம்சாரத்துக்குத் தெரிஞ்சா கொன்னே போட்டுடுவா. அதான் ரகசியமா..."

"வேற யாருக்குத் தெரியும்?"

"என் மச்சினனுக்கு மட்டும். அவன்தான் வாங்கிட்டு வந்து..."

பாதியில் நிறுத்தினார்.

இருவரும் கண்ணாடித் தடுப்பு வழியே பார்த்தார்கள். வெளியே மச்சினர், சட்டைப் பட்டனைத் திருகியபடி, இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்டேட் பண்ணவே கூடாதுன்னு அவர்தான் சார் ஒத்தக் கால்ல நின்னாரு..." என்றாள் ரெண்டுவாட்டி மெல்ல.

ஆசிரியர் போனை எடுத்தார். அவரோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர் இப்போது அந்தப் பகுதியின் இன்ஸ்பெக்டர்.

"டேய்... நான்தான். உடனே வா. என்னைக் கொலை பண்ணப் போறாங்க."

"நீ காலையிலயே செத்துட்டேன்னு சைட்ல பார்த்தேனே? மாலைகூட வாங்கிட்டேன்டா!"

"மாலை கெடக்கட்டும். நீ வா!"

*

இன்ஸ்பெக்டர் சாதாரண உடையில் வந்தார். கூடவே ஜலதோஷமும் வந்திருந்தது.

பின்பக்கம் மொட்டை மாடிக்குப் போகும் இரும்புப் படி. யாருக்கும் தெரியாமல் மூவரும் போய்ப் பார்த்தார்கள். மேலிருந்து மூன்றாவது தட்டை இன்ஸ்பெக்டர் விரலால் தொட்டார்.

ஆடியது!

"போல்ட்டைக் கழட்டிட்டு, சும்மா உக்கார வச்சிருக்காங்கடா! கால் வச்சா நேரா கீழ சிமெண்ட் தரைதான்... அ... அ... அச்!"

தும்மலில் தட்டு இன்னும் ஒரு அங்குலம் நகர்ந்தது.

ஆசிரியர் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். அவர் எட்டிப் பார்த்தார். மூன்று மாடி ஆழம்.

"டேய்... நெசமாவே கொல்லப் பார்த்திருக்காங்கடா!"

"பின்ன, பொய்யாவா அறிவிப்பு எழுதுவாங்க?" இன்ஸ்பெக்டர் மூக்கைத் துடைத்தார். "செஞ்ச ஆளு கண்டிப்பா திரும்ப வருவான். அறிவிப்பு முன்னாடியே வந்து குட்டு உடைஞ்சுபோச்சு இல்ல? போல்ட்டை முடுக்கித் தடயத்தை அழிக்க வருவான். மேல ஒளிஞ்சிருப்போம்."

மாலை. மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மூன்று தலைகள்.

"சார், தும்மாதீங்க..." என்றாள் ரெண்டுவாட்டி.

"தும்மல் என்ன என் கான்ஸ்டபிளாம்மா, சொன்னா நிக்கறதுக்கு?"

டங்... டங்... டங்...

படியில் காலடி!

மேலிருந்து மூன்றாவது தட்டுக்கு முன்னால் காலடி நின்றது. ஒரு நொடி... பிறகு அதைத் தாண்டி ஒரே எட்டு!

வந்தவர்... மச்சினர்!

"அமுக்கு!"

இன்ஸ்பெக்டர் பாய்ந்தார். சட்டையைப் பிடித்தார். அந்த நடுப் பட்டன் கடைசியில் ராஜினாமா செய்து, மாடியிலிருந்தே குதித்தது.

"ஐயோ! மாமா! யாரு இது?"

"துரோகி!" ஆசிரியர் தொட்டிக்குப் பின்னாலிருந்து எழுந்தார். "உனக்கு என்னடா கொறை வச்சேன்? எதுக்குடா என்னைக் கொல்லப் பார்த்த?"

"நானா? சிகரெட்டு கொண்டு வந்தேன் மாமா! தினம் கொண்டு வர்றேனே!" நீட்டிய கையில் நிஜமாகவே ஒரு பெட்டி.

"அந்தத் தட்டை மட்டும் ஏன்டா தாண்டின?"

"அது ஆடுது மாமா! மத்தியானம் கீழேருந்து பார்த்தேன், நீங்க மூணு பேரும் அதைக் குனிஞ்சு குனிஞ்சு பார்த்தீங்க. நான் குண்டு... பயமா இருக்காதா?"

"எல்லாத் திருடனும் இப்படித்தான் பேசுவான்." இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"ஒரு நிமிஷம் சார்," என்றாள் ரெண்டுவாட்டி.

"என்ன?"

"ஒரு தடவைதானே யோசிச்சோம்? ரெண்டாவது தடவை யோசிச்சுடலாமே."

ஆசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். அவள் கண்டுகொள்ளவில்லை.

"மேனேஜர் சார் ஒரு லீவ் லெட்டர் எழுதினாலே நாலு இடத்துல அடிச்சுத் திருத்துவாரு. அவ்வளவு அழகா ஒரு அறிவிப்பு எழுதுவாரா?"

மச்சினர் வேகமாகத் தலையாட்டினார். தன் தமிழைத் திட்டியதற்கு ஒரு மனிதன் இவ்வளவு சந்தோஷப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

"அப்புறம்... காலையில வந்த அந்த போன் சார். புருஷன் செத்துட்டாருன்னு பார்த்தா ஒரு பொண்டாட்டி என்ன கேப்பாங்க? 'எப்படி ஆச்சு? எங்க இருக்காரு? நெசமா?' இதெல்லாம்தானே? மேடம் இதுல ஒண்ணுமே கேக்கலை. அவங்க கேட்டது... 'யாரும்மா அதுக்குள்ள போட்டது?'"

இன்ஸ்பெக்டர் விலங்கைத் தாழ்த்தினார்.

"ஒரு விஷயம் எப்ப வரணும்னு தெரிஞ்சவங்கதானே சார், 'அதுக்குள்ள'ன்னு கேப்பாங்க?"

டங்... டங்...

படியில் மறுபடி காலடி. மெதுவாக. பழகிய நிதானத்தோடு. மேலிருந்து மூன்றாவது தட்டுக்குக் கீழே நின்றது.

கைப்பையின் ஜிப் திறக்கும் ஓசை.

க்ரீச்... க்ரீச்... போல்ட் முடுக்கும் ஓசை.

நால்வரும் எட்டிப் பார்த்தார்கள்.

கையில் ஸ்பேனரோடு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, படியில் குனிந்திருந்தார்... ஆசிரியர் மனைவி!

"அச்!" என்றார் இன்ஸ்பெக்டர்.

அந்த அம்மாள் நிமிர்ந்தார். நால்வரையும் வரிசையாகப் பார்த்தார். ஸ்பேனரை மறைக்கவில்லை.

"அக்கா... நீயா?"

"நீ சும்மா இருடா. நீதான் வாங்கிக் குடுக்கறியா அந்த எழவை?"

"உனக்கு... சிகரெட்டு விஷயம் தெரியுமா?" என்றார் ஆசிரியர்.

"முப்பது வருஷமா உங்க சட்டையைத் தோய்க்கிறவளுக்கு அந்த நாத்தம் தெரியாதா? எத்தனை மணிக்கு, எந்த மாடின்னு எல்லாம் தெரியும்."

"அதுக்காகவா என்னைக் கொல்லப் பார்த்த?"

"அதுக்கா?" சிரித்தார். "சைட்டுல 'விடைபெற்றவர்கள்' யாருங்க எழுதுறது? சொல்லுங்க. இவங்க முன்னாடி சொல்லுங்க."

ஆசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ரெண்டுவாட்டி அவரைத் திரும்பிப் பார்த்தாள். காலையில் அவர் 'அப்படியே என் நடை' என்று குதித்தது காதில் ஒலித்தது.

"பத்தொன்பது வருஷம்!" என்றார் அந்த அம்மாள். "அடுப்புல ஒண்ணு கொதிக்கும், மடியில ஒண்ணு டைப் ஆகும். ஊர்ல எவன் செத்தாலும் நாலு நல்ல வார்த்தை தேடித் தேடி எழுதினவ நானு. கீழ பேரு இவருது! அதைக்கூட விட்டேன். ஞாயித்துக்கிழமை விருது வாங்கறாராம். மேடையில பேசறதுக்கு 'நான் எப்படி எழுதுகிறேன்'னு ஒரு பேச்சு வேணுமாம். அதையும் என்னையே எழுதித் தரச் சொன்னாருங்க!"

இன்ஸ்பெக்டர் நண்பனைப் பார்த்தார்.

"டேய்... நெசமாவா?"

நண்பர் வானத்தைப் பார்த்தார்.

"ஸ்கூல்லயும் இவன் என் பேப்பரைப் பார்த்துத்தான் மேடம் எழுதுவான்." இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். "அது சரி, கொலை பண்ணப் போற ஆளு, அறிவிப்பை எதுக்கு முன்னாடியே எழுதி டைம் வச்சீங்க? அப்புறமா எழுதக் கூடாதா?"

அந்த அம்மாள் அவரை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நல்லாக் கேட்டீங்க! ஏழு மணிக்கு நான் தலைவிரிகோலமா அழுதுகிட்டு இருக்கணும். ஒரு பக்கம் அழுதுகிட்டு ஒரு பக்கம் டைப்பா அடிக்க முடியும்? எழுதாம விட்டா, இந்தத் தடியன் எழுதுவான். எழுத்துப்பிழையோட போவாரு மனுஷன். எதிரியாவே இருந்தாலும் ஒரு ஆளு கௌரவமாப் போகணும் இல்லையா?"

ஸ்பேனரை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். பிறகு ரெண்டுவாட்டியிடம் திரும்பினார்.

"ஏம்மா... எப்படி அது காலையிலயே வந்துச்சு?"

"கடிகாரத்தைப் பார்க்க மறந்துட்டேன் மேடம். என் தப்புதான். மன்னிச்சுக்கோங்க."

"சே! எல்லாத்தையும் ரெண்டு தடவை பாப்பியேம்மா..." ஆதங்கத்தோடு தலையை ஆட்டிக்கொண்டே, ஆடும் தட்டைத் தாண்டி வரச் சொல்லி மற்றவர்களுக்குக் கைகாட்டிவிட்டு, முன்னால் இறங்கினார்.

*

சுவர்க் கடிகாரம் ஏழு அடித்தது.

ஆசிரியர் காலமாகவில்லை.

நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். சட்டைப் பையிலிருந்து அழைப்பிதழை எடுத்தார். அதில் அச்சடித்திருந்த தன் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மேசை டிராயருக்குள் போட்டு மூடினார்.

"அந்தப் பத்தி முழுக்க, முதல் நாள்லேருந்து... என் பேரை எடுத்துட்டு அவ பேரைப் போடு."

"சரி சார். அந்த... உங்க அறிவிப்பு? அழிச்சுடட்டுமா?"

யோசித்தார்.

"வேணாம். பத்திரமா வை. அதைவிட நல்லா எவனும் எழுத மாட்டான். படி, சிகரெட்டு எதுவும் வேணாம். அந்தக் கடைசி வரியை மட்டும் காலியா விடு."

"அப்ப என் வேலை சார்...?"

"என் உயிரே உன் தப்பாலதான் நிக்குது. உன்னைப் போய் அனுப்புவேனா?"

ரெண்டுவாட்டி வாசல் வரை போனாள். திரும்பி வந்தாள்.

"சார்... ஒரு சின்ன விஷயம். அந்தப் புதுப் பதிப்புல ஏதோ ஓட்டை இருக்காம். அதை அடைக்க இன்னொரு அப்டேட் வந்திருக்கு. எப்ப பண்ணட்டும்?"

"அப்டேட்டா?" நாற்காலியிலிருந்து எகிறினார். "தாயே! இனிமே எது பண்றதா இருந்தாலும் நான் செத்தப்புறம் பண்ணு!"

ரெண்டுவாட்டி மானிட்டர் பக்கம் திரும்பினாள். விசைப்பலகையில் விரல் வைத்தாள்.

"சரி சார்... தேதியும் டைமும் சொன்னீங்கன்னா, இப்பவே செட் பண்ணி வச்சுடுவேன்!"